முதியவரைப் பார்க்கும் முறையும் காணொளிக் கல்வியும்: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து

முதியோரைப் பேணும் மருத்துவத்தில் நூலின் வழியாகக் கைவராத பகுதி ஒன்று உண்டு. அது நோயாளியைப் பார்க்கும் முறை. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது கைப்பிடியை எவ்வளவு அழுத்துகிறார், நடந்துபோய்த் திரும்பும்போது ஒரே வீச்சில் திரும்புகிறாரா அல்லது சின்னஞ்சிறு அடிகளாக வைத்துத் திரும்புகிறாரா, வைத்தியர் கேட்ட எளிய கேள்விக்கு விடை சொல்லும் முன் பக்கத்தில் நிற்கும் மகளின் முகத்தை எதற்காகப் பார்க்கிறார் என்பன பாடநூலில் ஒவ்வொரு வரியில் முடிந்துவிடும். கண்ணுக்கோ அவை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பாடம். வைத்தியர்களுக்கு இணையக் காணொளிகளைக் கொண்டு முதியோர் பராமரிப்பைக் கற்பிப்பதற்கு உள்ள வலுவான நியாயம் இதுவே. விரிவுரையாளரின் குரலையும் எழுத்து நிறைந்த படவில்லைகளையும் ஒரு மணி நேரம் ஓடவிடும் பதிவு இந்த நியாயத்தை முற்றாகத் தவறவிடுகிறது; அதைவிட நல்ல கையேடு ஒன்றை அச்சிட்டுக் கொடுப்பதே மேல்.

திருகோணமலை மாவட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் இத்தகைய கல்வி அங்கே ஏன் அவசரத் தேவையாகிறது என்பது விளங்கும். வடக்கே புல்மோட்டையிலிருந்து தெற்கே வெருகல் வரை கடலோரமாக நீண்டும், மேற்கே கந்தளாய், மொரவெவ, கோமரங்கடவல என்று உள்நாட்டுக் குளங்களையும் வயல்களையும் தழுவியும் கிடக்கும் இம்மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இயங்குகிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள், அதாவது மாவட்ட வைத்தியசாலைக்கு அடுத்த படியில் நின்று சுற்றுவட்டாரக் கிராமங்களைத் தாங்கும் வைத்தியசாலைகள், இருக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அக்கரைக்குச் செல்லப் ‘பாதை’ எனப்படும் இழுவைப் படகையே நம்ப வேண்டியிருந்தது. பாலம் வந்ததால் நகரம் அருகே வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் சிறப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் நடக்கும் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலேயே இருக்கிறது. ஒரு நாள் பயிலரங்குக்குப் போகும் வைத்தியர் போக்குவரத்தையும் சேர்த்து மூன்று நாள்களைச் செலவிட நேர்கிறது, அந்த நாள்களில் அவருடைய வெளிநோயாளர் பிரிவையும் இரவுக் கடமையையும் ஏற்கெனவே களைத்துப்போன இன்னொருவர் சுமக்கிறார்.

இலங்கையின் மக்கள்தொகையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 1981இல் 6.6 வீதமாக இருந்தனர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் அது 12.4 வீதமாகியது. செல்வம் சேர்ந்த பின் முதுமையடைந்த நாடுகளைப் போலன்றி, போரும் கடன் நெருக்கடியும் கண்ட நிலையிலேயே இந்நாடு முதுமையடைகிறது. மூத்த பிரசைகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது என்றாலும், மருத்துவச் சேவையின் வடிவமைப்பு அந்தச் சட்டத்தின் வேகத்தில் நகரவில்லை. தொற்றா நோய்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக 2011 முதல் நாடெங்கும் தொடங்கப்பட்ட சுகவாழ்வு நிலையங்களே இதற்குச் சான்று: அவற்றின் தொடக்க இலக்கு 40 முதல் 65 வயது வரை உள்ளவர்களே. உழைக்கும் வயதினரின் மாரடைப்பைத் தடுக்கும் நோக்கில் அந்த எல்லை நியாயமானதுதான்; ஆயினும் விழுதல், மறதி, எடை இழப்பு, தனிமை ஆகியன தலைகாட்டத் தொடங்கும் வயதில் பரிசோதனைக் கதவு சாத்தப்பட்டது என்பதை வருத்தத்தோடு குறிப்பிடாமல் இருக்க முடியாது.

முதியோர் மருத்துவம் என்பது வயது கூடிய உடலுக்கு அதே மருந்தைக் குறைந்த அளவில் கொடுக்கும் கலை என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. இத்துறைக்கு 1909இல் ஆங்கிலப் பெயர் சூட்டியவர் அமெரிக்காவில் பணியாற்றிய இக்னாஸ் நாஷர். அதற்கு உயிர் கொடுத்தவரோ இலண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பணிபுரிந்த மார்ஜரி வாரன். தீராத நோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து, சிகிச்சையளித்து, எழுப்பி நடக்கவைத்து, பலரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அசைவிழத்தல், நிலைதடுமாறி விழுதல், சிறுநீர் கட்டுப்பாடிழத்தல், அறிவுத் தளர்ச்சி ஆகிய நான்கையும் முதியோர் மருத்துவத்தின் பூதங்கள் என்று பேர்னார்ட் ஐசக்ஸ் பின்னர் வகுத்தார். இந்நான்கும் தனித்த நோய்களல்ல, பல நோய்களும் பல மருந்துகளும் ஒருங்கே வெளிப்படும் வாசல்கள். தமிழ்நாட்டில் இத்துறை வேரூன்றியது வி. எஸ். நடராசனால்: சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கான வெளிநோயாளர் பிரிவு தொடங்கியது, 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான பட்டமேற்படிப்பு வந்தது. இலங்கையில் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனம் இத்துறையில் பயிற்சியளிக்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயே. ஆகவே மூதூரிலோ வெருகலிலோ ஒரு மூதாட்டியை முதலில் பார்ப்பவர் முதியோர் மருத்துவ நிபுணராக இருக்கப்போவதில்லை. அவர் இளம் மருத்துவ அதிகாரி, அவரிடம் உள்ளவை சில நிமிடங்களும் ஓர் இரத்த அழுத்தமானியும் மட்டுமே.

அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்யலாம் என்பதைக் காணொளி காட்ட வேண்டும். எழுந்து நடக்கும் சோதனை என்று 1991இல் வகுக்கப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் அமர வேண்டும், 12 செக்கன்களோ அதற்கு மேலோ பிடித்தால் விழும் ஆபத்து உண்டென்று கருதப்படுகிறது. இதைப் படித்தவர் கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். நல்ல காணொளியோ ஒரே நடையை மூன்று முறை காட்டும்: முதல் முறை விளக்கமின்றி, இரண்டாம் முறை பாதத்தை மட்டும் அண்மையில், மூன்றாம் முறை கைவீச்சையும் திரும்பும் கணத்தையும் மெதுவாக. ஒரு கை ஆடாமல் தொங்குவது நடுக்குவாதத்தின் (பார்க்கின்சன் நோயின்) தொடக்கமாக இருக்கலாம். கால்களை அகட்டி வைத்து நடப்பதன் காரணம் உணர்விழந்த பாதமாகவோ சிறுமூளையாகவோ இருக்கலாம். எழுந்தவுடன் ஒரு கணம் நின்று தூணைத் தேடுவது எழும்போது இரத்த அழுத்தம் வீழ்வதன் அடையாளமாக இருக்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தத்தை அளந்து, எழுந்து நின்ற பின் மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் அளந்தால், மேல் அழுத்தம் 20 அலகோ கீழ் அழுத்தம் 10 அலகோ குறைந்திருப்பது அந்த வீழ்ச்சியை உறுதிசெய்யும். வைகாசி முதல் ஆவணி வரை வெயில் எரிக்கும் இக்கரையில், சிறுநீரைப் பெருக்கும் குளிசையை விழுங்கிவிட்டுக் காலையிலேயே வயலுக்கோ கடற்கரைக்கோ போகும் முதியவர்களிடம் இதைத் தேடாமல் விடுவது பெரிய இழப்பு.

திடீர் மனக்குழப்பம் இன்னும் கடினமான பாடம். காய்ச்சல், சலக்கடுப்பு, நீரிழப்பு, புதிய மருந்து முதலியவற்றால் சில மணி நேரத்தில் அல்லது சில நாள்களில் தோன்றி, ஏறியும் இறங்கியும் மாறும் இந்நிலை, கத்தி ஆர்ப்பரிக்கும் நோயாளியிடம் எவருக்கும் தெரிந்துவிடும். அமைதியாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம் அது ஒளிந்திருக்கும். விடுதியில் தொல்லை தராதவர் என்று பெயரெடுத்த அந்த முதியவரே பெரும்பாலும் அதிக ஆபத்தில் இருப்பவர். ஷரன் இனூயே 1990இல் வெளியிட்ட குழப்பமறி முறை நான்கு கூறுகளைத் தேடச் சொல்கிறது: திடீர்த் தொடக்கமும் ஏற்ற இறக்கமும், கவனச் சிதறல், தொடர்பற்ற பேச்சு, விழிப்பு நிலை மாற்றம். முதலிரண்டுடன் பின்னிரண்டில் ஒன்றேனும் சேர்ந்தால் குழப்பம் என்று கொள்ளலாம். கவனச் சிதறல் என்றால் என்ன என்பதை எந்த வரைவிலக்கணமும் விளக்காது. கிழமை நாள்களைப் பின்னோக்கிச் சொல்லும்படி கேட்கப்பட்டவர் ஞாயிறு, சனி என்று தொடங்கி வெள்ளியில் நின்று, மின்விசிறியைப் பார்த்து, கேள்வியையே மறந்து போவதை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். ‘அறளை’ என்று வீட்டார் சொல்லி விட்டுவிடும் நிலைகளில் ஒரு பகுதி இவ்வாறு வந்து, சரியான சிகிச்சையால் மீளக்கூடிய குழப்பம் என்பதால், இந்த ஒரு காட்சியைக் கற்பிப்பதே உயிர்காக்கும் பணி.

மருந்துகளைப் பொறுத்தவரை காணொளி வேறொரு வகையில் உதவும். ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளை ஒரே காலத்தில் உட்கொள்வதைப் பன்மருந்துப் பயன்பாடு என்பர். முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளை மார்க் பியர்ஸ் 1991இல் பட்டியலிட்டார். அப்பட்டியல் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. பட்டியலை மனனம் செய்வதற்குக் காணொளி தேவையில்லை. முதியவர் கொண்டுவந்த பையை மேசையில் கொட்டி, சிறு காகித உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது எதற்கு, எப்போது, யார் தந்தது என்று பொறுமையாகக் கேட்பது எப்படி என்பதைக் காட்டுவதற்கு அது தேவை. அரசாங்க வைத்தியசாலையின் உறை ஒன்று, தனியார் மருந்தகத்தின் உறை ஒன்று, பக்கத்து வீட்டார் கொடுத்த வலிக் குளிசை ஒன்று, சளிக்கென்று வாங்கிய குளோர்பெனிரமின் ஒன்று (இது முதியவர்களிடம் மயக்கத்தையும் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடியது) என அந்த மேசையில் விரிவது ஒரு முழு வாழ்க்கையின் நோய்க் கதை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது, மாவட்டத்து முதியோர் பலரும் அம்மருத்துவத்தை நம்புகிறார்கள். கசாயமோ சூரணமோ எடுப்பதைக் கடிந்துகொள்ளாமல் கேட்டறியும் தொனியும் இந்தக் காட்சியின் பகுதியாக வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் நோன்பு மாதத்துக்கு முன்பே சீனி வருத்தக் குளிசைகளின் நேரத்தையும் அளவையும் மாற்றுவது பற்றிய உரையாடல் அவசியம். கிளிபென்கிளமைட் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து, வெறும் வயிற்றோடு பிற்பகலைக் கடக்கும் எழுபது வயதுக்காரரின் சீனி அளவை ஆபத்தாகத் தாழ்த்திவிடும்.

இணையத்தில் முதியோர் மருத்துவக் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் டொனால்ட் ரெனால்ட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் இத்துறைக்கென ஓர் இணையக் கல்வித் தளமே உருவாகி, மருத்துவக் கல்லூரிகள் தம் பாடப்பொருள்களை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. அவற்றின் தரம் உயர்ந்தது. ஆனால் அவற்றில் நடக்கும் முதியவர் கம்பள விரிப்பில் சக்கரத் தாங்கியுடன் நடக்கிறார், உயர்ந்த கட்டிலிலிருந்து எழுகிறார். தன் வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்று அவரிடம் கேட்கப்படுகிறது. திருகோணமலையின் முதியவர் பாயிலிருந்து எழுகிறார், குந்தியிருக்கும் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார், கடற்கரை மணலில் கால் புதைய நடக்கிறார். தொழுகையில் சுஜூதிலிருந்து எழ முடியாமல் கதிரையில் அமர்ந்து தொழத் தொடங்கியது எப்போது, கோணேசர் கோயிலின் ஏற்றத்தை எந்தத் திருவிழாவிலிருந்து தவிர்க்கிறார், வலை பொத்துவதையோ கிணற்றில் நீர் அள்ளுவதையோ எதனால் நிறுத்தினார் என்ற வினாக்கள் இங்கே செயல்திறனை அளக்கும் உண்மையான அளவுகோல்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு மீனவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லிவிட்டு மறதி நோய் என்று முடிவுகட்டுவது அநீதி. இடப்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களின் வயதை 1964 மார்கழிச் சூறாவளியின்போது எவ்வளவு பெரியவராக இருந்தார் என்று கேட்டு மதிப்பிடலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2006இல் மூதூர், சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்ததையும் அவர் எவ்வளவு ஒழுங்காக நினைவுகூர்கிறார் என்பதிலிருந்து நினைவாற்றலைப் பற்றியும் பலவற்றை அறியலாம். எனினும் அதே வினா ஆறாத புண்ணையும் தொடும். கேட்பவர் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எப்போது மௌனமாக இருக்க வேண்டும் என்பதையும் காணொளியே காட்ட முடியும்.

மொழியும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. மருத்துவப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. மாவட்டத்துக்கு இடமாற்றம் பெற்று வரும் வைத்தியர்களில் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் கணிசமானோர். நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர், கந்தளாய்ப் பக்கத்தில் சிங்களம் பேசுவோர் பலர். ஆகையால் விளக்கவுரை ஆங்கிலத்தில் இருந்தாலும், நோயாளியுடனான உரையாடல் அவர் பேசும் தமிழிலேயே இருந்து, சிங்களத்தில் எழுத்துரை ஓட வேண்டும். சிங்கள முதியவரின் காட்சிக்குத் தமிழ் எழுத்துரை வேண்டும். இந்த நோக்குக்கு இலங்கைத் தமிழ் மருத்துவ வரலாற்றில் மூத்த முன்மாதிரி இருக்கிறது: 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களைத் தமிழிலேயே மருத்துவர்களாகப் பயிற்றுவித்தார், அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். மக்களுடைய மொழியில் நோயைப் பேசத் தெரியாத வைத்தியர் மக்களுக்கு அரைவாசியே பயன்படுவார் என்பது, ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின்னும் கிழக்குக் கரையின் விடுதிகளில் உண்மையாகவே இருக்கிறது.

யாரைப் படம்பிடிப்பது என்பது நெறிமுறை சார்ந்த பெரிய கேள்வி. மறதி நோயுள்ளவர் இன்று தந்த இசைவை நாளை நினைவில் வைத்திருக்கமாட்டார். குழப்பத்தில் இருப்பவரால் இசைவு தரவே இயலாது. குடும்பத்தார் வைத்தியசாலையின் மீதுள்ள மரியாதையால் மறுக்கத் தயங்குவர். சிறிய ஊர்களில் முகத்தை மறைத்தாலும் குரலை வைத்தே ஆளைக் கண்டுகொள்வார்கள். ஆகவே குழப்பம், மறதி, கைவிடப்படுதல் போன்றவற்றுக்கு நடிகர்களைப் பயன்படுத்துவதே முறை. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிக்க, மாணவர் அவரைப் பரிசோதித்துக் கற்கும் முறையை 1963இல் ஹவார்ட் பரோஸ் அறிமுகப்படுத்தினார். அது இன்று உலகெங்கும் மருத்துவக் கல்வியில் நிலைபெற்றுவிட்டது. கூத்து மரபு உயிரோடிருக்கும் கிழக்கில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. அண்ணாவிமார் வழியில் பயின்ற மூத்த கலைஞர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மருத்துவ மாணவர்களை உருவாக்குகிறது. இம்மூன்றையும் ஓர் அறையில் கூட்டினால் இப்பகுதியின் முதியவரை உள்ளபடி காட்டும் காட்சிகள் பிறக்கும்.

நீளம் பற்றிய ஆராய்ச்சி தெளிவாக உள்ளது. பிலிப் குவோவும் அவருடைய குழுவினரும் 2014இல் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து, கல்விக் காணொளிகளைப் பார்ப்பவர்களின் ஈடுபாடு ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டனர். இரவுக் கடமைக்கு நடுவில் கைபேசியில் பார்ப்பவருக்கு ஆறு நிமிடமே கூட நீளம்தான்; வலையமைப்பு தளரும் ஊர்களுக்காக அது முன்கூட்டியே தரவிறக்கி வைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பார்த்ததை மீண்டும் பார்ப்பதைவிட, பார்த்ததை நினைவிலிருந்து மீட்டு எடுப்பதே கற்றலை நிலைநிறுத்துகிறது என்பதை ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டினர். எனவே நடையைக் காட்டிய காணொளி விடையைச் சொல்லும் முன் நின்று, என்ன கண்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஆனால் காணொளி தனியாக நின்றால் போதாது என்பதற்கு மிக வலுவான சான்று முதியோர் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. நியூ மெக்சிக்கோவில் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டத்தில், தொலைதூரக் கிராம வைத்தியர்கள் தம் நோயாளிகளின் நிலையைக் காணொளி அழைப்பில் நிபுணர் குழுவிடம் முன்வைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். கல்லீரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் சி நோயில் பல்கலைக்கழகச் சிகிச்சை நிலையம் 57.5 வீத நோயாளிகளைக் குணமாக்கியபோது, இவ்வாறு கற்ற கிராம வைத்தியர்கள் 58.2 வீதத்தினரைக் குணமாக்கினர் என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. கற்றவர் ஊரைவிட்டு நகரவில்லை, நோயாளியும் நகரவில்லை, அறிவு மட்டும் பயணம் செய்தது. கொவிட் பெருந்தொற்றின்போது இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகங்கள் சூம் வகுப்புகளுக்குப் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தைக் கிழமைக்கு ஒரு மணி நேரம் ஆதார வைத்தியசாலைகள் வரை நீட்டுவதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ வேண்டியதில்லை. ஆறு நிமிடக் காட்சியைப் பார்த்துவிட்டு, தம் விடுதியில் அந்தக் கிழமை படுத்திருக்கும் உண்மையான மூதாட்டியைப் பற்றிப் பேச வரும் வைத்தியர் கற்பதைத் தனிமையில் திரையைப் பார்ப்பவர் கற்கமாட்டார்.

பயனை எவ்வாறு அளப்பது என்பதில்தான் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் தளர்கின்றன. டொனால்ட் கேர்க்பற்றிக் 1959இல் பயிற்சியின் பயனை நான்கு படிகளாகப் பிரித்தார்: பயின்றவர் விரும்பினாரா, கற்றாரா, செயலில் மாற்றினாரா, அதனால் விளைவு மாறியதா. எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கை இவற்றுள் முதற்படியையும் எட்டுவதில்லை. மாவட்டத்துக்கோ மூன்றாம் படியை அளப்பதற்கான கருவி ஏற்கெனவே நோயாளியின் கையில் இருக்கிறது: ஒவ்வொரு தடவையும் அவர் பொலித்தீன் உறையில் சுற்றிக் கொண்டுவரும் கிளினிக் கொப்பி. நின்ற நிலையில் அளந்த இரத்த அழுத்தம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, கடந்த ஓராண்டில் விழுந்தாரா என்ற வினாவுக்கு விடை இருக்கிறதா, ஒரு மருந்தேனும் காரணத்தோடு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று, நோயாளிகளின் இசைவுடனும் பெயர்களை நீக்கியும், காணொளி வருவதற்கு முன்னைய ஆறு மாதப் பக்கங்களையும் பின்னைய ஆறு மாதப் பக்கங்களையும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூதூரில் அந்தப் பதிவுகள் கூடி, புல்மோட்டையில் அப்படியே இருந்தால், எந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும் என்பதைப் புல்மோட்டை வைத்தியர்களிடமே கேட்க வேண்டும்.